மூடை தூக்க ரொபோ: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை
(வாசகர் கேள்வி – பதில்)

தொழிற்சாலை ரொபோ பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பாதிக்கு மேல் நெல் மில்காரர்கள் கேட்டவை. அதனால் மூடைக்கே கூடுதல் இடம் போயிருக்கிறது.

கேள்வி: எங்கள் மில்லில் மணிக்கு 4 தொன் அரிசி வருகிறது. 25 கிலோப் பையில் கட்டுகிறோம். பெரும்போக அறுவடை நேரத்தில் மூடை அடுக்க ஆள் பிடிப்பது பெரும்பாடு. நிமிடத்துக்கு 10 மூடை அடுக்கும் ரொபோ ஒன்றுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறோம். வாங்கலாமா?
*— மில் உரிமையாளர், சம்மாந்துறை*

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 4,000 கிலோவை 25ஆல் பிரித்தால் மணிக்கு 160 மூடை. அதாவது 22 செக்கனுக்குச் சற்றுக் கூட ஒரு மூடை. நீங்கள் விலை கேட்டிருக்கும் ரொபோ ஒரு மூடையை 6 செக்கனில் வைத்துவிட்டு மிச்ச 16 செக்கனும் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். முக்கால்வாசி நேரம் சும்மா நிற்கும் இயந்திரத்துக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் நேரடி அபிப்பிராயம்.

அதே 4 தொன்னை 5 கிலோப் பையில் கட்டினால் மணிக்கு 800 பை. நாலரைச் செக்கனுக்கு ஒன்று. அப்போது கணக்கு மாறும். இரண்டு மூன்று பொதியிடும் வரிசைகளை ஒரே கொன்வேயரில் சேர்த்து ஒரே ரொபோவுக்குக் கொடுக்க முடிந்தாலும் மாறும். எத்தனை தொன் என்று பாராமல், ஒரு மூடைக்கும் அடுத்த மூடைக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று பாருங்கள். அறுவடைக்கால உச்ச நாள் ஒன்றில் கடிகாரத்தோடு நின்று 100 மூடை எண்ணி எடுத்த இலக்கம்தான் உங்கள் இலக்கம். விற்பனையாளரின் தாளில் இருக்கும் வேகம் அவர் தன் இடத்தில், தனக்குத் தோதான சுமையோடு எடுத்தது.

அடுத்தது இதைவிடப் பெரிய கேள்வி. அடுக்கிய மூடை எங்கே போகிறது? ரொபோ பலட்டில் (போர்க்லிப்ட் தூக்கும் மூடைத் தட்டில்) அடுக்கும். பலட்டைத் தூக்கப் போர்க்லிப்ட் வேண்டும். போர்க்லிப்ட் திரும்ப மூன்றரை மீட்டர் அகலப் பாதை வேண்டும். ஏற்ற வரும் லொறியும் பலட்டை ஏற்றுக்கொள்வதாக இருக்க வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலும் லொறிக்குள் மூடையைக் கையால்தான் அடுக்குகிறார்கள். ரொபோ அழகாக அடுக்கியதை ஆட்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி லொறியில் அடுக்கினால் ஒரு வேலை இரண்டு வேலையாகிவிடும். உங்கள் மில்லில் நிலைமை அதுவென்றால் லொறிக்குள் நீண்டு போகும் ஏற்றுக் கொன்வேயர் ஒன்றும், மூடையைக் கவ்வித் தூக்கிக் கொடுக்கும் கைத்துணைக் கருவி ஒன்றும் போதும். ஒருவர் இடுப்பை வளைக்காமல் 160 மூடையையும் நகர்த்திவிடுவார். செலவும் ரொபோவுக்குப் பக்கத்தில் வராது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ரொபோதான் என்றால், விலைத் தாளில் இருக்கும் ரொபோவின் விலையை மட்டும் வைத்து வங்கிக்குப் போகாதீர்கள். கவ்வி (ரொபோவின் கை நுனியில் மூடையைப் பிடிக்கும் பகுதி), மூடை தட்டையாக்கும் கொன்வேயர், வேலி, சென்சர், தரை வேலை, மின் வேலை, நிரல் எழுதும் கூலி, பயிற்சி எல்லாம் சேர்ந்தால் மொத்தச் செலவு ரொபோ விலையின் இரண்டு மூன்று மடங்காவது வழக்கம். அதன் மேல் பத்து பதினைந்து வீதம் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள்.

காலமும் முக்கியம். ஓடர் கொடுத்ததிலிருந்து ஒழுங்காக ஓடும் வரை ஐந்து முதல் எட்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தும் வேலை நொவெம்பர், டிசம்பர் மாரிக்குள் வரக் கூடாது. பெரும்போக நெல் வந்து குவியும் மாசி, பங்குனியிலும் கூடாது. பெரும்போக நெருக்கடி ஓய்ந்து சிறுபோக நெல் வரும் முன் கிடைக்கும் இடைவெளியே பொருத்தம். புது இயந்திரம் முதல் இரண்டு மாதம் தடக்கி விழும். அந்தத் தடக்கல் வேலை குறைந்த காலத்தில் நடந்து முடியட்டும்.

கேள்வி: 50 கிலோ மூடைக்கு 60 கிலோ தூக்கும் ரொபோ போதும்தானே?
*— தீவன ஆலை மேற்பார்வையாளர், அக்கரைப்பற்று*

போதாது. தூக்குதிறன் என்று எழுதியிருப்பதற்குள் கவ்வியின் எடையும் அடக்கம். 50 கிலோ மூடையை அடியில் விரல் கொடுத்துத் தூக்கும் கவ்வி ஒன்று 50 முதல் 70 கிலோ வரை வரும். ஆக 120 கிலோ. அதற்கு மேல், மூடையின் பாரமையம் ரொபோவின் மணிக்கட்டிலிருந்து எத்தனை சென்ரிமீட்டர் தள்ளி விழுகிறது என்பதும் கணக்கு. தள்ளி விழ விழ மணிக்கட்டு மோட்டர் சுழற்ற வேண்டிய விசை ஏறும். ரொபோவின் கையேட்டில் இதற்கென ஒரு வரைபடம் இருக்கும். எடையும் தூரமும் சந்திக்கும் புள்ளி வளைகோட்டுக்குள் வருகிறதா என்று விற்பனையாளரைப் பென்சிலால் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வேலைக்கு 160, 180 கிலோ வகுப்பில் நான்கு அச்சு (நான்கு மூட்டில் அசையும்) ரொபோதான் பார்க்க வேண்டிவரும்.

ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன ரொபோவை, வேலி வேண்டாம் என்று சொல்லி இப்போது பலரிடம் காட்டுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை 30 கிலோ அளவுக்குள்தான் தூக்கும். கவ்வி 12 கிலோ என்றால் மூடைக்கு மிஞ்சுவது 18. 25 கிலோப் பைக்கே அது ஆகாது. 5 கிலோ, 10 கிலோப் பைக்கு நல்லது.

கவ்வியில் உறிஞ்சு வகை வேண்டாம். நம் மூடைகள் பின்னிய பொலிசாக்கு. இழைகளுக்கு நடுவே காற்று புகும், தவிட்டுத் தூசு வடிகட்டியை அடைக்கும், இரண்டு வாரத்தில் மூடை நழுவத் தொடங்கும். உள்ளே பிளாஸ்ரிக் படலம் ஒட்டிய பைக்கு மட்டும் உறிஞ்சலாம். மற்றதற்கு விரல் கவ்விதான். விரல்கள் மூடைக்கு அடியில் போக, எடுக்கும் இடத்தில் கொன்வேயர் உருளைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும். உருளைகளின் இடைவெளியும் விரல்களின் இடைவெளியும் ஒத்துவராமல் போவது அடிக்கடி நடக்கும் பிழை. கவ்வி ஒரு பட்டறையிலும் கொன்வேயர் இன்னொரு பட்டறையிலும் செய்வித்தால் ஒரே வரைபடத்தை இருவரிடமும் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

காற்றழுத்தம் போனால் கவ்வி திறக்கக் கூடாது, மூடியபடியே நிற்க வேண்டும். ஸ்பிரிங்கோ திரும்பாத வால்வோ இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பிரசரை நிறுத்திச் சோதியுங்கள். மூடை காற்றில் தொங்கியபடி நின்றால் சரி.

இனி மூடையைப் பற்றி. மனிதக் கைக்கு மூடை எப்படி வந்தாலும் பரவாயில்லை. குண்டாக இருந்தால் தட்டிச் சரி செய்வார், காது மடிந்திருந்தால் நீட்டி வைப்பார். ரொபோவுக்கு ஒவ்வொரு மூடையும் முந்திய மூடையைப் போலவே வர வேண்டும். ஆகவே எடுக்கும் இடத்துக்கு முன்னால் மேலும் கீழும் அமுக்கித் தட்டையாக்கும் உருளைத் தொகுதி கட்டாயம். தைக்கும் முன் பையிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று நிற்கும் பை அடுக்கில் ஐந்தாம் வரிசைக்கு மேல் பந்துபோல உருளும்.

ஓர் எடுத்துக்காட்டு. 25 கிலோ அரிசிப் பை தட்டையானதும் 60 சென்ரிமீட்டர் நீளம், 40 அகலம், 13 உயரம் என்று வந்தால் 120க்கு 100 பலட்டில் ஒரு வரிசைக்கு ஐந்து பை கச்சிதமாக உட்காரும். மூன்று பை பக்கம் பக்கமாக, இரண்டு பை குறுக்காக. அடுத்த வரிசையைத் திருப்பி வைத்தால் பின்னல் விழும். எட்டு வரிசைக்கு 40 பை, 1,000 கிலோ, பலட்டோடு சேர்த்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம். அதே பை 65க்கு 43 என்று வந்தால் ஓரம் வெளியே தொங்கும், போர்க்லிப்ட் உரசிக் கிழிக்கும். பை வாங்கும் இடத்தில் அளவை மாற்றுவது ரொபோ நிரலை மாற்றுவதைவிட மலிவு. பலட்டும் அப்படித்தான். ஒரு பலகை உடைந்த பலட் ஒன்று வரிசைக்குள் புகுந்தால் முழு அடுக்கும் சாயும். உடைந்ததைப் பிரித்து எடுக்க ஒருவரை நியமியுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ரொபோ ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
*— பட்டறை உரிமையாளர், ஏறாவூர்*

ஜப்பானில் தொழிற்சாலை மின்சாரம் 200 வோல்ட் மூன்று பேஸ். நமக்கு 400 வோல்ட். ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே இணைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த நிமிடமே முடிந்தது. எத்தனை கே.வி.ஏ. (ட்ரான்ஸ்போமரின் அளவு) வேண்டும் என்பது பெட்டியின் பெயர்த்தகட்டிலேயே இருக்கும். அந்த அளவுக்குச் சற்றுப் பெரிதாக எடுங்கள்.

அடுத்தது பற்றரி. ரொபோவின் ஒவ்வொரு மூட்டிலும் அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று நினைவு வைத்திருக்கும் உணரி உண்டு. பல வகைகளில் அந்த நினைவு சின்னப் பற்றரி ஒன்றில்தான் தங்கியிருக்கிறது. கப்பலிலும் களஞ்சியத்திலும் ஒரு வருடம் கிடந்த ரொபோவில் அது செத்திருக்கும். ரொபோ எழும்பும், ஆனால் தன் கை எங்கே என்று தெரியாமல் எழும்பும். மூட்டுகளில் பொறித்திருக்கும் அடையாளக் கோடுகளை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தி மறுபடி பூச்சியம் பதிய வேண்டும். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அந்த வகை ரொபோவில் பழகியவர் வேண்டும். அவருடைய கூலியையும் விலையில் சேருங்கள். வாங்கிய பிறகு பற்றரி மாற்றும்போது ரொபோவுக்குக் கரண்ட் கொடுத்தபடியே மாற்றுங்கள். நிறுத்திவிட்டுக் கழற்றினால் நினைவு போய்விடும். பாதுகாப்பென்று நினைத்து மெயினை நிறுத்திப் பற்றரி மாற்றுவது எங்கும் நடக்கும் தவறு. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டு, மெயின் கரண்ட் ஓடும் நிலையில் மாற்றுவதே முறை.

கையை நீட்டி நிறுத்தி, நுனியில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து, கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மூட்டுக்குள் இருக்கும் வேகக்குறைப்பான் தேய்ந்துவிட்டது. ரொபோவில் விலை கூடிய உறுப்புகளில் அது ஒன்று. வடியும் கிறீஸில் உலோகப் பொடி மின்னுகிறதா என்றும் பாருங்கள். கற்பிக்கும் கைப்பலகையின் (ரொபோவுக்கு அசைவுகளைப் பதியும் கைக்கருவியின்) கேபிள் முறிந்திருக்கிறதா, திரையில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்ற முடிகிறதா, மென்பொருளின் முழுப் பிரதி கையில் தருகிறார்களா, கையேடு இருக்கிறதா என்று கேளுங்கள். கைப்பலகையும் மென்பொருள் பிரதியும் இல்லாத ரொபோவைப் பழைய இரும்பு விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆலை கடலுக்கு அரைக் கிலோமீட்டர். மின்னல், மின்வெட்டு, உப்புக் காற்று மூன்றும் உண்டு. ரொபோ தாங்குமா?
*— கல்முனை வாசகர்*

ரொபோவின் கை தாங்கும். தாங்காதது கட்டுப்பாட்டுப் பெட்டிதான். பெரும்பாலான கையேடுகள் பெட்டியைச் சுற்றி 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, பகல் இரண்டு மணிக்கு, அடுப்பும் உலர்த்தியும் ஓடும் மில்லில் அந்த அளவு எட்டிவிடும். அப்போது எல்லோரும் செய்வது பெட்டிக் கதவைத் திறந்து முன்னால் ஒரு காற்றாடி வைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்றாடி வெப்பத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால் உமித் தூசையும் உப்பு ஈரத்தையும் மின்பலகைகளின் மேல் படியவிடும். சில மாதத்தில் செம்பு பச்சை பிடிக்கும், காரணம் பிடிபடாத பிழைச் செய்திகள் தொடங்கும். பெட்டியைத் தனிச் சின்ன அறையில் வைத்து அந்த அறையைக் குளிரூட்டுங்கள். முடியாவிட்டால் வெளிக்காற்று உள்ளே போகாத வெப்பமாற்றி பொருத்திய பெட்டியாக வாங்குங்கள். வடிகட்டி மாற்றும் நாளை நாட்காட்டியில் குறியுங்கள். வெள்ளம் ஏறும் நிலமென்றால், பெட்டி நிற்கும் மேடை இதுவரை கண்ட நீர்மட்டத்துக்கு மேலே அரை மீட்டராவது இருக்கட்டும்.

கரண்டில் பொதுவாகப் பத்து வீத ஏற்ற இறக்கத்தைப் பொறுக்கும். 400 வோல்ட் என்றால் 360 முதல் 440 வரை. உங்கள் மெயின் பலகையில் ஒரு வாரம் பதிவுக் கருவி வைத்துப் பாருங்கள். பெரிய மோட்டர் தொடங்கும் செக்கனில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் முக்கியம். மில் மோட்டர்களும் ரொபோவும் ஒரே இணைப்பில் இருந்தால் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ரொபோ நின்றுபோகும். மின்னலுக்கு மெயின் பலகையிலும் ரொபோவின் உப பலகையிலும் அதிமின்னழுத்தத் தடுப்பான்கள் போடுங்கள். அவை வேலை செய்யப் பூமி இணைப்பு நன்றாக இருக்க வேண்டும். மணல் நிலத்தில் வெயில் காலத்தில் ஈரம் வற்றிப் பூமித் தடை ஏறும். ஆகவே மாரியில் அளந்து திருப்திப்படாமல் ஆவணியில் அளந்து பாருங்கள்.

காற்றுக் குழாய்க்கும் ஒரு சொல். நம் ஈரப்பதத்தில் கொம்பிரசர் காற்றில் தண்ணீர் தாராளம். குளிர்த்தி உலர்த்தும் கருவியும் தானாகத் திறக்கும் வடிகாலும் இல்லையென்றால் கவ்வியின் வால்வுகள் ஒரு மாரி தாண்டாது.

கேள்வி: பழைய மில் தரையில் போல்ட் அடித்து நிறுத்தலாமா?
*— காத்தான்குடி வாசகர்*

பழைய தரை பெரும்பாலும் 10 சென்ரிமீட்டர் கொங்கிறீட், கம்பி இல்லை. ஒரு தொன்னுக்கு மேல் எடையுள்ள ரொபோ நிமிடத்துக்குப் பத்து முறை வீசித் திரும்பும்போது போல்ட்டை மேலே இழுக்கும் விசை நிற்கும் எடையைவிட அதிகம். தயாரிப்பாளர் தரும் அடித்தள வரைபடத்தின்படி அந்த இடத்தை வெட்டி, கம்பி கட்டி, 20 சென்ரிமீட்டருக்குக் குறையாமல் தனி அடித்தளம் போட்டு, 28 நாள் தண்ணீர் விட்டு ஆறவைத்து, இரசாயனப் பசை போல்ட்டால் நிறுத்துங்கள். 28 நாளை யாருடைய அவசரத்துக்காகவும் குறைக்காதீர்கள்.

கேள்வி: வேலி இடத்தை அடைக்கிறது. ஆளைக் கண்டால் நிற்கும் சென்சர் போட்டு வேலியை விட்டுவிடலாமா? ஒரு மீட்டர் தள்ளி சென்சர் வைத்தால் போதும் என்கிறார்கள்.
*— தொழிற்சாலை முகாமையாளர், மட்டக்களப்பு*

ஒரு மீட்டர் போதாது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 13855 என்ற தரநியமத்தில் ஆள் நடந்து வரும் வேகம் செக்கனுக்கு 1,600 மி.மீ. என்று கொள்ளப்படுகிறது. தரையோடு பார்க்கும் லேசர் சென்சர் ஆளைக் காண 0.1 செக்கன், முழுச் சுமையோடு ஓடும் ரொபோ நிற்க 0.6 செக்கன் என்று வைத்தால் மொத்தம் 0.7. 1,600ஐ 0.7ஆல் பெருக்க 1,120. நீட்டிய கைக்காகத் தரைமட்டச் சென்சருக்கு இன்னும் 1,200 கூட்ட வேண்டும். 2,320 மி.மீ. வருகிறது. ஒரு மீட்டரில் வைத்தால் ரொபோ நிற்பதற்குள் ஆள் அதன் கைக்கு எட்டிவிடுவார்.

அந்த 0.6 செக்கனும் எல்லா ரொபோவுக்கும் பொதுவல்ல. சுமை ஏற, வேகம் ஏற, கை நீள அதுவும் ஏறும். பிரேக் தேயத் தேய இன்னும் ஏறும். ஆகவே முழுச் சுமை, முழு வேகத்தில் அளந்த இலக்கம் வேண்டும். இப்படிப் பார்த்தால் வேலியில்லாத ரொபோவுக்குத்தான் அதிக இடம் தேவை. மூடை அடுக்கும் பெரிய ரொபோவுக்கு இரண்டு மீட்டர் உயர வேலியே சரி. வேலிக்கும் தரைக்கும் நடுவே ஆள் நுழையாதபடி இடைவெளி 18 சென்ரிமீட்டருக்குள் இருக்கட்டும். கதவைத் திறந்தால் ரொபோ நிற்க வேண்டும். பலட் வெளியேறும் வாயிலில் ஒளித்திரை (ஒளிக்கதிர் மறைபட்டதும் உணரும் சென்சர்) போட்டு, பலட் போகும்போது விட்டுக்கொடுத்து ஆள் போனால் நிறுத்தும்படி அமைக்கலாம்.

இனிச் சொல்வதை எழுதி வேலியில் ஒட்டுங்கள். மறுபடி இயக்கும் பொத்தான் வேலிக்கு வெளியே, உள்ளே முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், உள்ளே நிற்பவர் கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும். பற்றரி மாற்றுதல், கற்பித்தல் போலக் கரண்ட் தேவைப்படும் வேலை தவிர, உள்ளே போகும் ஒவ்வொருவரும் மெயின் ஸ்விட்சில் தன் பூட்டைத் தானே போட்டு, திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒருவர் உள்ளே குனிந்து கிழிந்த பையை எடுக்கும்போது வெளியே இன்னொருவர் கதவை மூடிப் பொத்தானை அழுத்துவதுதான் ரொபோ அறைகளில் உயிர் போகும் வழி. 1981இல் ஜப்பானின் அக்காஷி நகரத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புத் தொழிலாளி ஒருவர் வேலிக்குள் போய், முழுதாக நிறுத்தப்படாத ரொபோவின் கையில் சிக்கி உயிரிழந்தார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் விபத்துகள் அதே பாதையில்தான் வருகின்றன. அவசரம், இரண்டு நிமிட வேலை, நிறுத்தாமலே உள்ளே போவது.

கற்பிக்கும் நிலையில் ரொபோ செக்கனுக்கு 250 மி.மீ.க்கு மேல் ஓடாது. கைப்பலகையின் பின்னால் உள்ள பிடி நடுநிலையில் இருந்தால் மட்டும் ஓடும். விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கினாலும் நிற்கும். அந்தப் பிடியை நாடா சுற்றிக் கட்டி வைப்பவரை அன்றே அந்த வேலையிலிருந்து மாற்றுங்கள். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வைக்கும் பொறுப்பைத் தொழிற்சாலையை நடத்துபவர் மேல்தான் வைத்திருக்கிறது.

கேள்வி: ட்ரெக்டர் பெட்டி செய்கிறோம். வெல்டிங் ரொபோ வைத்தால் ஒட்டு ஒரே சீராக வருமா?
*— இரும்புப் பட்டறை, கல்முனை*

இப்போது இரும்பை எதால் வெட்டுகிறீர்கள்? கைக் கிரைண்டரால் என்றால் ஒவ்வொரு துண்டும் இரண்டு மூன்று மி.மீ. கூடிக் குறையும். வெல்டர் இடைவெளியைக் கண்ணால் பார்த்து, கையை மெதுவாக்கி, நிரப்பிக்கொண்டு போவார். ரொபோ பார்க்காது. போன முறை போன அதே கோட்டில் ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்குக்கு மேல் பிசகாமல் போகும். 1 மி.மீ. கம்பியால் ஒட்டினால் மூட்டு நிற்க வேண்டிய இடம் அரை மி.மீ.க்குள் வர வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. மூட்டைத் தேடிப் போகும் சென்சர்கள் உண்டு. அவை மூட்டு எங்கே என்று கண்டுபிடிக்கும். அகன்ற இடைவெளியை அவையும் நிரப்பித் தரா.

ஆகவே முதல் காசு வெட்டும் இயந்திரத்துக்கு. நிறுத்துகட்டை வைத்த பட்டை வாள் இயந்திரம், அல்லது கணினியால் ஓடும் பிளாஸ்மா வெட்டி. இரண்டாவது காசு துண்டுகளைப் பிடிக்கும் ஜிக்குக்கு. மூன்றாவதாகச் சுழல் மேசை ஒன்று. வேலைப்பொருளைத் திருப்பித் திருப்பி மூட்டை மேல்முகமாகக் கொண்டுவந்தால் கை வெல்டிங்கே கணிசமாக வேகம் பிடிக்கும். பல பட்டறைகளுக்கு இந்த மூன்றோடு தேவை தீர்ந்துவிடும். ஒரே அளவுப் பெட்டி மாதம் ஐம்பது, நூறு என்று போகும்போது ரொபோவை யோசியுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வோர் அளவு கேட்டால், நிரல் எழுதும் நேரமே ஒட்டும் நேரத்தைத் தின்றுவிடும்.

கடற்காற்று வெல்டிங்குக்குப் பகை. செக்கனுக்கு இரண்டு மீட்டர் வேகக் காற்று போதும், காப்பு வாயு கலைந்து ஒட்டில் துளை விழ. கை வெல்டர் முதுகைக் காட்டி மறைத்துக்கொள்வார். ரொபோவுக்கு மூன்று பக்கமும் மறைப்புக் கட்ட வேண்டும். கம்பிச் சுருளையும் இரவில் திறந்து விடாதீர்கள். துரு பிடித்த கம்பி குழாய்க்குள் இறுகி, நுனிச் செம்பை அரித்து, நடு ஒட்டில் நிற்கும்.

கேள்வி: தையல் தொழிற்சாலையில் ரொபோ தைக்குமா?
*— செங்கலடி வாசகி*

முழு உடுப்பு தைப்பது இன்னும் கடினம். துணி வளையும், மடியும், இழுபடும். ரொபோவுக்கு அது மூடையைவிடப் பெரிய சிக்கல். பயன் தருபவை கணினித் துணி வெட்டி, பொக்கெற் வைக்கும் தனி இயந்திரம், கடைசியில் பெட்டி அடுக்கும் ரொபோ.

கேள்வி: பத்து வருடமாக மூடை தூக்குகிறேன். எங்கள் மில்லுக்கு ரொபோ வருகிறது என்கிறார்கள். எங்களை நிற்பாட்டிவிடுவார்களா?
*— நாட்டாமைத் தொழிலாளி, வாழைச்சேனை*

அண்ணன், பூசி மெழுகாமல் சொல்கிறோம். ரொபோ வந்தால் தோளில் தூக்கும் வேலை குறையும். அதற்காக உங்களை நாளைக்கே போகச் சொல்ல முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக நிறுத்துவதென்றால் அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். வாசிக்காமல் எந்தத் தாளிலும் கையொப்பம் வைக்காதீர்கள். கையொப்பம் வைத்தால் அது சம்மதமாகிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், மூடைக் கணக்குக் கூலிக்கு வேலை செய்யும் பலர் மில்லின் பதிவேட்டில் இல்லை. ஊழியர் சேமலாப நிதி உங்கள் பெயரில் கட்டப்படுகிறதா என்று இன்றே பாருங்கள். கட்டாவிட்டால் கூலித் துண்டு, வரவுப் புத்தகம், எதுவானாலும் பத்திரப்படுத்தி, மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

மில் உரிமையாளர்களுக்கும் இதிலேயே ஒரு வேண்டுகோள். கையால் தூக்குவதற்கான சர்வதேசத் தரநியமம், எல்லாம் வசதியாக அமைந்தாலும் 25 கிலோவையே ஆண் ஒருவருக்கு மேல் அளவாக வைக்கிறது. இந்த மனிதர்கள் அதில் இரண்டு மடங்கை வருடக்கணக்காகத் தூக்கியவர்கள். எந்தச் சாக்கு நழுவும், எந்த நெல் கட்டிய பை சாயும், ஈரம் ஏறிய நாளில் அடுக்கு எப்படி நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ரொபோ நிரல் எழுத வருபவருக்கு அது தெரியாது. அடுக்கு முறை தீர்மானிக்கும் நாளில் அவர்களில் இருவரை மேசைக்கு அழையுங்கள். ரொபோவை இயக்கும் முதல் பயிற்சியையும் அவர்களுக்கே கொடுங்கள். மூடை சிக்கினால் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டவும், பலட் மாற்றவும், அடுக்கு வகை தெரிவு செய்யவும் உயர் படிப்பு தேவையில்லை. தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் இரண்டு வாரப் பழக்கமும் போதும்.

கேள்வி: ரொபோ பராமரிப்பு படிக்க விருப்பம். எங்கிருந்து தொடங்குவது? ஆலைகள் எத்தனை பேரைப் பழக்க வேண்டும்?
*— தொழில்நுட்பக் கல்லூரி மாணவன், மட்டக்களப்பு*

தம்பி, ரொபோவிலிருந்து தொடங்காதீர்கள். மூன்று பேஸ் மின்சாரம், காற்றழுத்தக் கருவிகள், சென்சர், பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் சின்னக் கணினி). இந்த நான்கும் கைவந்த பின் ரொபோ ஒரு மாத வேலை. ரொபோ நின்றுவிட்டது என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சென்சரில் தூசு, காற்றுக் கசிவு, கதவு ஸ்விட்ச் தளர்வு என்றுதான் முடியும். ரொபோவில் பிழை இருப்பது அரிது. உங்கள் கல்லூரியில் மின்னியல், மெக்கட்ரோனிக்ஸ் சார்ந்த என்.வி.கியூ. (தேசியத் தொழிற்தகைமை) பாடநெறி எது இருக்கிறதென்று கேளுங்கள். அதற்கு மேல் போக, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் பக்கத்திலேயே இருக்கிறது. ரொபோவைக் கணினித் திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் தயாரிப்பாளர்களின் மென்பொருள்கள் சில, குறித்த காலத்துக்கு இலவசமாகக் கிடைக்கும். நிரல் எழுதப் பழக அவை போதும்.

ஆலைகளுக்கு: ஒரு நேரமுறைக்கு இருவர், ஒருவர் மின்சாரம், ஒருவர் பொறிமுறை. ஒருவரை மட்டும் பழக்கினால் அவர் வெளிநாடு போகும் நாளில் ரொபோவும் நிற்கும். பொருத்த வருபவர்கள் கொழும்புக்குத் திரும்பும் முன், உங்கள் ஆட்கள் தனியாக ஒரு பிழையை நீக்கி, ஒரு புது அடுக்கு முறை பதிந்து, முழு நிரலையும் பிரதி எடுத்துக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடைசித் தவணைப் பணத்தை, உங்கள் மூடை, உங்கள் பலட், உங்கள் ஆட்களோடு எட்டு மணித்தியாலம் ஓடிய பிறகு கொடுங்கள். தயாரிப்பாளர் இடத்தில் நடக்கும் சோதனைக்கும் உங்கள் சொந்தப் பையில் 200ஐ லொறியில் ஏற்றி அனுப்புங்கள். அங்கே மணல் நிரப்பிய புதுப் பையில் ஓடுவது இங்கே தவிடு படிந்த பையில் ஓடாது.

நிரல் பிரதி இரண்டு, ஒன்று ஆலையில், ஒன்று வேறு இடத்தில். களஞ்சியத்தில் பற்றரி ஒரு தொகுதி, உருகிகள், கவ்வி விரல் இரண்டு, காற்றுச் சிலிண்டர் வளையங்கள், சென்சர் ஒவ்வொரு வகையிலும் ஒன்று, கைப்பலகைக் கேபிள் ஒன்று. இவை வெளிநாட்டிலிருந்து வந்து சுங்கம் தாண்ட வாரங்கள் ஆகும். ரொபோ நின்ற நாளில் கையால் அடுக்க, கொன்வேயரின் பக்கத்தில் மூடையை எடுக்க ஒரு வழியும் இரண்டு பேர் நிற்க இடமும் வரைபடத்திலேயே விடுங்கள்.